ஒத்திகை நாட்கள்: இல்லை

நூற்று நாற்பத்தாறு பேரையும் ஒரே வரியில் தள்ளியிருந்தார்கள்.

"முறையான பயிற்சி அமைப்பு இல்லாததால் இவர்களைத் தொழில்முறைக் கலைஞர்களாகக் கருத இயலவில்லை." சான்றாக எங்கள் படிவத்தின் பதினான்காவது கேள்வியைக் காட்டியிருந்தார்கள். ஒத்திகை நாட்கள் எத்தனை? அதற்கு எதிரே நூற்று நாற்பத்தாறு படிவங்களிலும், என் கையெழுத்திலேயே, ஒரே பதில் இருந்தது: இல்லை.

காலை பத்தரை மணி. கீழே சுங்குடிச் சேலைக் கடையில் ஷட்டரைத் தூக்கினார்கள். டில்லியிலிருந்து வந்திருந்த அந்த மின்னஞ்சலை நான் மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை படித்தபோதுதான், அந்தக் கேள்வியைத் தமிழில் எழுதியதும் நானேதான் என்பது உறைத்தது.

நான் வேலை பார்ப்பது அகில பாரத நிகழ்கலைஞர் துணைமன்றத்தில். பெயர்தான் பெரிது. டில்லியில் மூன்று அறை, மாநிலத்துக்கு ஒரு கிளை. மதுரைக் கிளை என்பது முனிச்சாலையில் இந்த மாடி அறையும், நானும், வாரத்தில் மூன்று நாள் வரும் தட்டச்சுக்காரப் பெண் பாண்டிமீனாவும். நாங்கள் நிகழ்ச்சி நடத்துவதில்லை. விருது கொடுப்பதில்லை. மேடையில் நிற்கிறவருக்குப் பின்னால் என்ன தேவையோ அதற்காக அலைகிறோம். பெரிய தோல்வாத்தியப் பெட்டியை ரயிலில் ஏற்ற விடமாட்டோம் என்றால் யார் யாருக்கு எழுதுவது, திருவிழா ஆட்டத்துக்குக் காவல்நிலையத்தில் அனுமதி மறுத்தால் எந்த வக்கீலைப் பிடிப்பது, இந்த மாதிரி வேலை. எங்கள் பெயர் எந்த நோட்டீஸிலும் வராது. பதினொரு வருடமாக அதுவே எனக்குப் பிடித்திருக்கிறது. முன்னால் நின்று பேசும் தைரியம் எனக்கு இருந்ததில்லை. ஆனால் அப்படிப் பேசுகிறவர்களைப் பார்த்து என் மனம் நிறைந்துபோகும்.

ஊர் ஊராகப் போய் மேடையேறும் கலைஞர்களுக்கு விபத்து மருத்துவக் காப்பு வேண்டும் என்று டில்லியில் எங்களவர்கள் ஆறு வருடம் அமைச்சகத்தின் படியேறி இறங்கி, கடைசியில் சம்மதம் வாங்கியிருந்தார்கள். யார் யார் கலைஞர் என்று பட்டியல் மட்டும் நாங்கள் தர வேண்டும். அந்தப் பட்டியலில்தான் என் நூற்று நாற்பத்தாறு பேரும் இல்லாமல் போனார்கள். திருத்தி அனுப்ப ஆனி மாதக் கடைசி வரை நேரம் கொடுத்திருந்தார்கள்.

அவர்கள் எல்லோரும் ஸ்பெஷல் நாடக நடிகர்கள். பார்க்காதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஸ்பெஷல் நாடகத்தில் குழு என்று ஒன்று கிடையாது. ஊர்க்காரர்கள் கதாநாயகனான ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும் நாயகியான ஸ்திரீபார்ட்டை இன்னோர் ஊரிலிருந்தும் அழைப்பார்கள். பபூன், டான்ஸ் ஆடும் பெண், ஹார்மோனியக்காரர், ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி முடிப்பார்கள். அன்று சாயங்காலம் ஒப்பனைக் கொட்டகையில்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். சில சமயம் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக. "சாப்டாச்சா?" என்று கேட்டுக்கொள்வதோடு சரி. பிறகு மேடையேறினால் விடியும்வரை பாடி, வாதாடி, சிரிக்க வைத்து, அழ வைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். இயக்குநர் கிடையாது. ஒத்திகை கிடையாது. பங்குனியில் தொடங்கினால் ஆடி வரை இவர்களைப் பிடிக்க முடியாது, அவ்வளவு அழைப்பு.

படிவங்களை நிரப்பியது மாசி மாதம், இதே அறையில். பபூன் வேடம் கட்டும் வெள்ளைத்துரையிடம் பதினான்காவது கேள்வியை நான் வாசித்தபோது அவர் முகம் மாறியது.

"ஒத்தியா மேடம்? வில்லாபுரத்துல மூணு வருச ஒத்திக்கு இருக்கேன். வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்லி உசுர வாங்குறான். டெல்லியில இதெல்லாமா கேக்குறாங்க?"

"ஒத்தி இல்லண்ணே, ஒத்திகை" என்றாள் அன்னக்கொடி. அறையே சிரித்தது.

"ஒத்திகையா? அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக ஆண்டு விழாவுக்குல்ல பாக்கும். நமக்கெதுக்கு? இல்லைன்னு போடுங்க மேடம். நல்லாப் பெருசாப் போடுங்க."

பெரிதாகவே போட்டேன். அவர்கள் குரலில் அந்த 'இல்லை' தலையை நிமிர்த்திக்கொண்டு வந்தது. என் காதில் அப்படித்தான் விழுந்தது. காகிதத்தில் அது எப்படிக் கிடக்கும் என்று யோசிக்கவில்லை.

அன்னக்கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்டியூரில் இருக்கிறாள். வயது நாற்பது. பதினெட்டு வயதில் டான்ஸாக ஏறி, இப்போது ஸ்திரீபார்ட். போன வருடம் சித்திரையில் நாடகம் முடிந்து திரும்பும்போது கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் வேன் கவிழ்ந்தது. ஹார்மோனியம் வாசிக்கும் சோணை அண்ணனுக்கு இடது கையில் இரண்டு விரல் இன்றுவரை மடங்காது. அவளுக்கு முழங்கால். படிவம் நிரப்ப வந்த அன்று அவள் வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டைப் பற்றித்தான் பேசினாள். தொழில் என்ற இடத்தில் அவளைக் கேட்காமலே 'கூலி' என்று எழுதிவிட்டார்களாம்.

"கூலின்னா கேவலம்னு நா சொல்லலக்கா. எங்கப்பா கூலிதான். மேலூர்ப் பக்கம் அடுத்தவுக வயல்லயே நட்டு அடுத்தவுக வயல்லயே அறுத்தவரு. அவரு கூலின்னு சொன்னா அது நெசம். நா சொன்னா பொய்யில்ல? இருவத்தி ரெண்டு வருசமா நா செய்யிறது அது இல்லையே. காலு ஒடிஞ்சு கெடக்கயில ஒரு பொய்யி மேல கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன். அதான் தாங்கல. உங்க காயிதம் வந்துச்சுன்னா, அடுத்த வாட்டி என் தொழில எழுதுவாகள்ல?"

"எழுதுவார்கள்" என்று நான் சொல்லியிருந்தேன்.

மின்னஞ்சல் வந்த அன்றே, அந்த வார்த்தையைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். புதிய படிவங்களை அச்சடித்தேன். பதினான்காவது கேள்விக்கு எதிரே 'பதினைந்து' என்று எழுதினேன். நூற்று நாற்பத்தாறு தடவை. மூன்று நாள் ஆனது. விரல் வலித்தது. அதை உழைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது யோசித்தால், அந்தப் பொய் எனக்கு ஏன் அவ்வளவு சுலபமாக வந்தது என்று தெரிகிறது. ஒத்திகை இல்லாமல் ஒருவர் எதையும் செய்ய முடியும் என்று என் உள்மனம் நம்பவில்லை. நான் சௌராஷ்டிர வீட்டுப் பெண். வீட்டில் ஒரு மொழி, வாசலைத் தாண்டினால் தமிழ். ஒன்றாம் வகுப்பில் டீச்சர் ஏதோ கேட்க, நான் பாதி எங்கள் மொழியும் பாதி தமிழுமாகச் சொல்ல, வகுப்பு சிரித்தது. ஒரு நிமிடச் சிரிப்புதான். அந்தக் குழந்தைகள் அன்று மதியமே மறந்திருப்பார்கள். நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து வாய்க்கு வரும் எதுவும் முதலில் மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்க்கப்பட்டுத்தான் வெளியே வரும். டில்லிக்குப் போன் செய்யும்போதுகூட முன்னால் ஒரு துண்டுச்சீட்டு இருக்கும். என் கணவர் கார்த்திகேஷ், "கத்தரிக்காய் வாங்கப் போறதுக்கும் வசனம் எழுதிக்கிட்டுப் போறவ" என்று என்னைக் கேலி செய்வார். நாற்பத்தொன்பது வயதில் நான் சரளமாகப் பேசுகிறேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பேச்சல்ல, ஒப்பிப்பு என்பது எனக்குத்தான் தெரியும்.

நான்காம் நாள் அன்னக்கொடி வந்தாள். முந்திய இரவு சிங்கம்புணரிப் பக்கம் நாடகம். கண்ணோரம் மை முழுதாகப் போகவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் படிவத்தை வாங்கினாள். அவள் நிதானமாக, உதடசைத்துப் படிப்பாள். பதினான்காவது கேள்வி வந்ததும் உதடு நின்றது.

"இது என்னக்கா, பதினஞ்சு?"

நான் தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். டில்லியில் இப்படித்தான் எதிர்பார்க்கிறார்கள். இது ஒரு வழக்கமான பதில். யாரும் வந்து சரிபார்க்கப் போவதில்லை.

"யாரும் பாக்க மாட்டாகன்னா?"

"கையெழுத்துப் போட்டால் போதும். பெயர் வந்துவிடும்."

அவள் படிவத்தை மேசைமேல் வைத்து என் பக்கமாகத் தள்ளினாள். கோபமாகத் தள்ளவில்லை, சாப்பிட்டு முடித்த இலையை மடிப்பது போல.

"அக்கா, எங்க சனத்துல ஒருத்தியக் கெடுக்கணும்னா என்ன சொல்லுவாகன்னு தெரியுமா? அவ நடத்த சரியில்லன்னு சொன்னாக்கூட ரெண்டு நாள்ல மறந்துருவாக. 'அவளுக்கு ஒத்திகை வேணும்ப்பா'ன்னு ஒருத்தன் சொல்லிட்டான்னு வைங்க, அந்த வருசம் அழைப்பே வராது. தொழில் தெரியாதவன்னு அர்த்தம். நீங்க பதினஞ்சு நாள்னு எழுதி வச்சிருக்கீக. நூத்தம்பது பேருக்கு."

"இது ஊருக்குத் தெரியப்போவதில்லையே, அன்னக்கொடி. உங்கள் நல்லதுக்குத்தான்..."

"ஆசுபத்திரிக்காரனும் எங்க நல்லதுக்குத்தேன் எழுதுனான். கூலின்னு போட்டா சீக்கிரம் சேப்பாகம்மான்னான்." எழுந்துகொண்டாள். "அவன் ஒரு பொய்யி எழுதுனான். நீங்க ஒரு பொய்யி எழுதுறீக. அவன் பொய்யில கால மட்டும் பாத்தாக. உங்க பொய்யில என் தொழிலே போயிருது. நா போடல. வாரேங்க்கா."

படியிறங்கும் சத்தம் ஒரு கால் அழுத்தியும் ஒரு கால் லேசாகவும் கேட்டது. அன்று மாலைக்குள் விஷயம் எல்லோருக்கும் போய்விட்டது. அடுத்த இரண்டு நாளில் கையெழுத்துப் போட ஒருவரும் வரவில்லை. பாண்டிமீனா மெதுவாக, "படிவத்தை பீரோவுல வச்சுரட்டாங்க்கா?" என்று கேட்டாள். வைக்கச் சொன்னேன்.

எனக்கு முதலில் வந்தது கோபம். உதவி செய்யப்போனவளுக்கு வரும் கோபம். அது ஒரு நாள் முழுக்க இருந்தது. சாம்பாரில் உப்பைப் போட மறந்தேன். மறுநாள் கோபம் வடிந்த இடத்தில் என்ன இருந்தது என்றால், அவள் மேல் பொறாமை. ஒரு கேள்வி வந்தவுடன், மனதுக்குள் ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்க்காமல், நேராக எழுந்து வந்த பதில் அது. அவளுக்கு அந்தப் பட்டியல் எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். அதைக் கையில் வாங்கி, பார்த்து, வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போக எத்தனை நேரம் ஆனது அவளுக்கு? மூன்று நிமிடம்?

துண்டுச்சீட்டு இல்லாமல் டில்லிக்குப் போன் செய்தேன். மன்றத்தின் செயலாளர் வெங்கடசுப்பிரமணியன் எடுத்தார். டில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். முப்பத்தொரு வருடமாக இந்த ஒரே வேலையைச் செய்கிறவர். அமைச்சகத்தில் அவரைக் கண்டால் கதவைச் சாத்துவார்கள் என்றும், அவர் கதவருகிலேயே டிபன் டப்பாவைத் திறந்து உட்கார்ந்துவிடுவார் என்றும் எங்களுக்குள் பேச்சு.

நான் தடுமாறித் தடுமாறிச் சொன்னதை முழுக்கக் கேட்டார். பொய்ப் படிவங்களைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"ஹம்சவேணி, நீங்க பதிலை மாத்தணும்ங்கறேளா, கேள்வியை மாத்தணும்ங்கறேளா?"

"கேள்வியை, சார்."

"அப்படின்னா நான் நேர்ல வந்து கேக்கணும். பதினெட்டாம் தேதி திருவனந்தபுரம் போறேன். வழியில அரை நாள் இறங்கறேன்."

பதினெட்டாம் தேதி காலை பதினொரு மணிக்குக் கீழ்க் கடையிலிருந்து நாற்காலிகளை இரவல் வாங்கி மாடியில் போட்டிருந்தோம். பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். அன்னக்கொடி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், அவ்வளவுதான். சோணை அண்ணன் எதற்கோ ஹார்மோனியப் பெட்டியைக் கொண்டுவந்து மடியில் வைத்திருந்தார். வெங்கடசுப்பிரமணியன் தோள்பையோடு, ரயிலில் கசங்கிய சட்டையோடு வந்து உட்கார்ந்தார். காபி வேண்டாம் என்றார்.

"நான் உங்க ஆளுதான். ஆனா இப்போ எதிராளி மாதிரிதான் கேப்பேன். ஏன்னா அங்கே என்னை அப்படித்தான் கேப்பா. நீங்க சொல்ற பதிலை வெச்சுண்டுதான் நான் அங்கே சண்டை போடணும். கோச்சுக்கப்படாது."

சோணை அண்ணன் ஒரு கட்டையை மெல்ல அழுத்தினார். அன்னக்கொடி முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல சார்" என்றார் சோணை அண்ணன். "சார் பேசுறது ஒண்ணரைக் கட்டை சுதி. எடுத்து வச்சுக்கிட்டேன்."

"எதுக்கு?"

"பழக்கம் சார். யாரு வாயத் தொறந்தாலும் கை போயிருது."

வெங்கடசுப்பிரமணியன் அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு தொடங்கினார்.

"ஒத்திகை இல்லாம ஏறறேள். நடுவுல ஒருத்தர் வசனத்தை மறந்துட்டா?"

"எதுத்து நிக்கிறவுக ஒரு கேள்வி கேப்பம் சார்" என்றாள் அன்னக்கொடி. "அந்தக் கேள்விக்குள்ளயே மறந்தது இருக்கும். எடுத்துக்கிருவாரு."

"பார்க்கறவாளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா கையத் தட்டுவாக."

"எதிராளி வேணும்னே மடக்கினா?"

"மடக்கணும் சார். மடக்கத்தேன் ஊர்க்காரவுக எங்கள வேற வேற ஊர்ல இருந்து கூட்டியாராக. சொல்லி வச்சுப் பேசுனா, அது என்ன வாதம்?"

கேள்வி மேல் கேள்வியாக அரை மணி நேரம் போனது. அவர் விடவில்லை. அவளும் விடவில்லை. நான் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் பேனாவை மூடி வைத்தார்.

"சரி. அமைச்சகத்துல இருக்கறவர் இதைத்தான் கேப்பார். குழு கிடையாது, இயக்குநர் கிடையாது, ஒத்திகையும் கிடையாது. அப்போ இது தொழிலா, பொழுதுபோக்கா? யார் வேணா ஏறிடலாமே? நான் என்ன சொல்லட்டும்?"

யாரும் பேசவில்லை. மேடையில் அமைதி விழுந்தால் நிரப்புவது பபூனின் வேலை. வெள்ளைத்துரைக்கு இருபத்தைந்து வருடப் பழக்கம். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அதான் சார், எங்க மேடம் ஆளுக்குப் பதினஞ்சு நாள் ஒத்திகை சும்மாவே எழுதிக் குடுத்தாக. நாங்கதேன் வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டோம்."

சிரிப்பு கிளம்பி, பாதியில் நின்றது. வெள்ளைத்துரை நாக்கைக் கடித்துக்கொண்டார். வெங்கடசுப்பிரமணியன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்றார் இவர்?"

பீரோவுக்குள் நூற்று நாற்பத்தாறு படிவங்கள் இருந்தன. மதுரைக் கிளை பொய் எழுதும் என்று ஒரு தடவை பதிவாகிவிட்டால், இங்கிருந்து போகும் எந்தப் பட்டியலையும் யாரும் நம்ப வேண்டியதில்லை. இந்தப் பன்னிரண்டு பேர் சொன்ன எதையும். என் மனதில் வாக்கியம் எதுவும் இல்லை. தேடினேன், ஒன்றாம் வகுப்பில் நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"சார், அவுகளக் கேக்காதீக. இங்கிட்டுப் பாருங்க."

அன்னக்கொடி எழுந்து நின்றாள்.

"எழுதுனாக. நெசந்தேன். நாங்க கையெழுத்துப் போடல. அதும் நெசம். ஏன் எழுதுனாகன்னு கேளுங்க. உங்க காயிதத்துக்கு வாயி இம்புட்டூண்டு. எங்க தொழிலு அதுக்குள்ள போகல. எப்பிடியாச்சும் ஊட்டிவிட்ரலாம்னு பாத்தாக. தப்புதேன். ஆனா எங்களுக்கு ஒத்திகை வேணும்னு அவுக எழுதல சார். உங்க காயிதத்துக்கு வேணும்னு எழுதுனாக."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையை உயர்த்தினாள். அதிகாரமாக அல்ல, வாதத்தில் தன் முறை இன்னும் முடியவில்லை என்பதுபோல.

"நா ஒண்ணு கேக்குறேன். நீங்க எந்த ஊரு?"

"டில்லி."

"நா வண்டியூரு. இதுக்கு முன்ன நம்ம பாத்திருக்கமா?"

"இல்லை."

"அர மணி நேரமா நீங்க கேக்குறீக, நா சொல்றேன். எங்கயாச்சும் தட்டுச்சா?"

"இல்லை."

"எத்தன நாளு ஒத்திகை பாத்துட்டு வந்தோம்?"

அவர் மூடி வைத்த பேனாவைக் கையில் எடுத்தார்.

"நீங்க எம்புட்டு வருசமா இந்த வேல பாக்குறீக?"

"முப்பத்தொண்ணு."

"அந்த முப்பத்தொரு வருசந்தேன் சார் இம்புட்டு நேரம் கேட்டுச்சு. எனக்கு இருவத்தி ரெண்டு. அது பதில் சொல்லுச்சு. இதான் ஸ்பெஷல் நாடகம். நீங்க இப்ப ஆடிக்கிட்டுல்ல இருக்கீக!"

சோணை அண்ணன் ஒன்றரைக் கட்டையை அழுத்திப் பிடித்தார். அந்த ஒற்றைச் சுருதி அறை முழுக்க நின்றது. முதலில் சிரித்தது வெங்கடசுப்பிரமணியன்தான். தொடையில் தட்டிச் சிரித்தார்.

சிரிப்புக்குள் அன்னக்கொடி என்னைப் பார்த்தாள். எதிரே நிற்பவருக்கு எடுத்துக் கொடுக்கும் பார்வை. இனி உன் முறை என்றது.

நான் எழுந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது.

"பொய் எழுதியது நான்தான் சார். போனில் உங்களிடம் அதைச் சொல்லாமல் விட்டதும் நான்தான். அதற்கும் முன்னால் ஒரு தப்பு இருக்கிறது. அந்தக் கேள்வியைத் தமிழில் எழுதியதும் நான். ஒரு அகராதி வார்த்தையை எடுத்துப் போட்டேன். இவர்கள் தொழிலில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று ஒருவரையும் கேட்கவில்லை."

எங்கள் வீட்டு மொழியின் வாடை என் குரலில் ஏறியிருந்தது எனக்கே கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை.

வெங்கடசுப்பிரமணியன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "அந்தப் படிவங்களைக் கிழிச்சுட்டேளா?"

"இல்லை. பீரோவில் இருக்கின்றன."

"கிழிக்காதீங்கோ. தப்பா எழுதினோம், அனுப்பலைன்னு மேலே ஒரு தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டு, ஃபைல்ல வையுங்கோ." அதை அவர் ஆறுதலாகவும் சொல்லவில்லை, கண்டிப்பாகவும் சொல்லவில்லை. செய்ய வேண்டிய அடுத்த வேலையாகச் சொன்னார். அந்த ஒரு தொனிக்காகவே இந்த மனிதருக்குக் கீழ் இன்னும் பதினொரு வருடம் வேலை பார்க்கலாம் என்று தோன்றியது. "இப்போ சொல்லுங்கோ. சரியான கேள்வி எது?"

எல்லோரும் அன்னக்கொடியைப் பார்த்தார்கள். அவள் யோசிக்கக்கூட இல்லை.

"எங்கள அழைக்க வர்ற ஊர்க்காரவுக ஒண்ணே ஒண்ணுதேன் சார் கேப்பாக. 'எத்தன நாடகம் பாடம்?'"

"பாடம்னா மனப்பாடமா?"

"அதுக்கும் மேல. என் பார்ட்டு மட்டும் தெரிஞ்சா பாடம் ஆகாது. எதுத்தவரு பார்ட்டு, பாட்டு, அது என்ன சுதி, அவரு எங்க மூச்சு விடுவாரு, எல்லாம் உள்ள இருக்கணும். அப்பத்தேன் பாடம்னு சொல்ல முடியும்."

"உங்களுக்கு எத்தனை?"

"பதினேழு."

"எத்தனை வருஷம் ஆச்சு, பதினேழு பாடமாக?"

"பன்னெண்டு."

அவர் நோட்டில் தமிழில், குழந்தை எழுதுவது போலப் பெரிய எழுத்தில், 'பாடம்' என்று எழுதினார். "நான் அங்கே இப்படிச் சொல்லப்போறேன். இவாளுக்கு ஒத்திகையே இல்லைன்னு நினைக்காதீங்கோ, வருஷக்கணக்கா ஒத்திகை நடந்துண்டே இருக்குன்னு."

"அய்யய்யோ, அத மட்டும் சொல்லிராதீக சார்" என்றாள் அன்னக்கொடி. "எவனாச்சும் கேட்டுட்டு, நாங்க ஒத்திகை பாக்குறமாம்னு ஊர் பூராம் சொல்லிருவான்!"

அவரை ரயிலேற்றிவிட்டுத் திரும்பியபோது அவள் வண்டியூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். நன்றி சொல்ல நினைத்தேன். "என்னை ஏன் காப்பாற்றினீர்கள்?" என்றுதான் வந்தது.

"காப்பாத்துனனா?" அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. "நின்னுட்டீகள்ல. நின்னா எடுத்துக் குடுக்கணும்லக்கா." பஸ் வந்தது. நல்ல காலை முதலில் படியில் ஊன்றி ஏறினாள்.

நான் அங்கேயே நின்றேன். அவளை ஏமாற்றியவள் நான். என்மேல் அவளுக்கு வருத்தம் இருந்தது, இன்னும் இருக்கலாம். ஆனால் அந்த அறையில் நான் பேச்சற்று நின்ற கணத்தில், அதையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு எழுந்திருக்கிறாள். அவள் மன்னித்தாள் என்று சொல்ல முடியாது. மன்னிக்க நேரம் எங்கே இருந்தது? அது அவள் தொழிலின் அனிச்சை. பன்னிரண்டு வருடத்தில் பதினேழு நாடகங்களோடு சேர்த்து அவள் கற்றுக்கொண்டது அது. நல்லவளாக இருக்க நான் எவ்வளவு யோசிக்கிறேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் சந்தோஷமாகவும் இருந்தது.

ஆனி முடிய ஒன்பது நாள் இருக்கும்போது டில்லியிலிருந்து கடிதம் வந்தது. பதினான்காவது கேள்வி எல்லா மொழிப் படிவங்களிலும் நீக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில், முழுமையாகத் தேர்ந்த படைப்புகள் எத்தனை, எத்தனை ஆண்டுகளில் என்று கேட்டிருந்தார்கள். தமிழ்ப் படிவத்தில் மட்டும், வெங்கடசுப்பிரமணியனின் பிடிவாதம்: 'எத்தனை நாடகம் பாடம்?' இந்த வருடத்துக்கு மட்டும்தான் அமைச்சகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அடுத்த வருடம் மறுபடி வாதாட வேண்டும் என்று எழுதியிருந்தார். பரவாயில்லை, நமக்கு அது பழக்கம்தானே என்றும் எழுதியிருந்தார். வேறு இரண்டு மாநிலக் கிளைகள், தங்களிடமும் குழுவில்லாத, தனித்தனியாக அழைக்கப்படும் கலைஞர்கள் உண்டு, இத்தனை நாள் சொல்ல இடமில்லாமல் இருந்தது என்று தெரிவித்திருந்தனவாம்.

மறுநாள் காலையிலேயே மாடிப்படி நிறைந்துவிட்டது. இந்த முறை எதையும் நான் நிரப்பி வைக்கவில்லை. வெறும் படிவத்தையும் பேனாவையும் அன்னக்கொடியிடம் கொடுத்தேன். உதடசைத்து முழுக்கப் படித்தாள். பதினான்காவது கேள்விக்குப் பதினேழு என்று எழுதினாள். எழுதிவிட்டுத் தலைநிமிர்ந்தாள்.

"ஏக்கா, இதுல ஒரு கொற இருக்கு. எத்தன பாடம்னு கேக்குறாக. எத்தன பேரு பார்ட்டுன்னு கேக்கல. அவசரத்துக்கு நா ராஜபார்ட்டே கட்டிருக்கேன், தெரியுமா?"

"அடுத்த வருடம் கேட்கச் சொல்கிறேன்."

"சொல்லுங்க. விட்ராதீக."

வெள்ளைத்துரை பின்னாலிருந்து, "ஏத்தா, இன்னிக்கு மேலூர்ல நாடகம், பஸ்ஸு போயிரும், சுருக்கா எழுது. நாங்கள்லாம் எழுத வேணாமா?" என்றார்.

"இருங்கண்ணே. எழுதுறது உங்க வாய் மாதிரியா, தொறந்தவொடனே கொட்டுறதுக்கு?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். அவள் தொழில் என்ற கட்டத்துக்கு வந்திருந்தாள். பேனாவை ஒருமுறை காகிதத்துக்கு மேலேயே பிடித்திருந்தாள். பிறகு எழுத்தெழுத்தாக, அழுத்தி, எழுதினாள். ஸ்பெஷல் நாடக நடிகை. கட்டம் சின்னது. 'நடிகை' முழுவதும் வெளியே, அலுவலக உபயோகத்துக்கு என்று விட்டிருந்த இடத்தில் போய் நின்றது.

"வெளிய போயிருச்சேக்கா. வேற படிவம் தாரீகளா?"

கட்டத்துக்கு வெளியே எழுதக்கூடாது என்று அடியில் அச்சிட்டிருந்தது. டில்லியில் கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

"இதுவே இருக்கட்டும்" என்று வாங்கி அடுக்கில் வைத்துவிட்டு, அடுத்த படிவத்தை வெள்ளைத்துரையிடம் நீட்டினேன்.